மண்குளவிக் கூட்டில் காணும் சிலந்திகளும் நெல்வயலும்

தென்காசி, குற்றாலம், இலஞ்சி, செங்கோட்டை முதலிய இடங்களில் ஆனி, ஆடி மாதங்களில் சாரல் விழத் தொடங்கியதும், வாய்க்கால் கரைகளில் ஈரமண்ணைத் திரட்டி எடுத்துச் செல்லும் மெல்லிய இடையுள்ள குளவியை யாவரும் பார்த்திருக்கலாம். பம்ப் கொட்டகை, மாட்டுத்தொழுவம், நெற்களஞ்சியம், வீட்டுத் திண்ணையின் மேற்கூரை ஆகிய மழை படாத இடங்களில் அது கூடு கட்டும். வீட்டிற்குள் கட்டினால் அங்கே ஒரு குழந்தை பிறக்கும் என்று நம்பி, பெண்மக்கள் அதைக் கலைக்க விடுவதில்லை. அக்கூட்டிற்குள் இருப்பது இன்னது என்றும், அது நெற்பயிருக்கு எவ்வாறு சம்பந்தப்பட்டது என்றும் நிலச்சுவான்தார்களும் கிராம அலுவலர்களும் அறிந்திருத்தல் நலமாதலின், இக்கட்டுரை எழுதப்படுகிறது.

1. பழமொழியும் உண்மையும்

"கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்" என்பது நம்மவர் வழக்கு. குளவி ஒரு புழுவைப் பிடித்து வந்து கூட்டில் அடைத்து, அதை ஓயாது கொட்டித் தன் உருவமாக்கிவிடுகிறது என்பது இதன் கருத்து. நம் முன்னோர் பார்த்தது பொய்யன்று. கூட்டிற்குள் வேறொரு பிராணி போனதையும், அதே கூட்டிலிருந்து குளவி வெளிவந்ததையும் அவர்கள் கண்டனர். இடையில் நடந்தது மாத்திரம் அவர்கள் கண்ணுக்குப் புலப்படவில்லை.

நடப்பது யாதெனில், தாய்க்குளவி தன் இரையைக் கொட்டுவதால் அது சாவதில்லை; உணர்வும் அசைவும் இழந்து கிடக்கிறது. அவ்வாறு கிடக்கும் இரைகளை ஓர் அறையில் நெருக்கி அடைத்து, அவற்றுள் ஒன்றின்மேல் ஒரே ஒரு முட்டையிட்டு, வாயை மண்ணால் மூடிவிடுகிறது. இரண்டு மூன்று நாட்களில் முட்டை பொரிந்து வெளிவரும் புழு, அழுகாமல் கிடக்கும் அவ்விரைகளை ஒவ்வொன்றாகத் தின்று வளர்ந்து, பழுப்பு நிறக் கூட்டுறை பின்னி அதனுள் உருமாறி, சில வாரங்களில் குளவியாகி மண்ணைத் துளைத்துக்கொண்டு வெளியேறுகிறது. ஆகவே, அடைபட்ட பிராணி குளவியாகவில்லை; குளவிக்கு உணவாயிற்று. தாய்க்குளவியோ பூந்தேனை உண்டு வாழ்வது. இரை தேடுவதெல்லாம் பிள்ளைகளுக்காகவே.

2. கூடுகளை இனங்காணல்

மண்ணால் கூடு கட்டும் குளவிகள் எல்லாம் ஒரே இனத்தவை அல்ல. இரையும் இனத்திற்கு ஏற்ப வேறுபடும்.

(அ) விரல் போன்ற மண் அறைகளை வரிசையாக ஒட்டிக் கட்டி, முடிவில் எல்லாவற்றின்மேலும் மண்ணை அப்பி ஒரே கட்டியாக்குவது மண்குளவி. கருநிற உடலில் மஞ்சள் குறிகளும், நூல் போன்ற இடையும் உடையது. நம் பக்கத்தில் இவ்வகையில் சாதாரணமாகக் காண்பது ஸ்கெலிஃப்ரான் மத்ராஸ்பதானும் என்பதாகும். 1781-ஆம் ஆண்டு ஃபப்ரீஷியஸ் என்னும் சாஸ்திரி, சென்னையை ஒட்டி இதற்கு இப்பெயரிட்டார். இதன் இரை சிலந்தி மாத்திரமே.

(ஆ) சிறு சொம்பு போல உருண்டையாகவும் கழுத்து விளிம்புடனும் கட்டுவது குயவக் குளவி. இதன் இரை பச்சைப் புழுக்கள். பழமொழியில் வரும் புழு இக்கூட்டைச் சேர்ந்ததாக இருத்தல் கூடும்.

(இ) மின்னும் நீலநிறமுடைய குளவி, தான் புதிதாகக் கட்டாமல் மண்குளவியின் பழைய அறைகளையும் சுவர்த்துளைகளையும் உபயோகித்துக்கொள்ளும். இதுவும் சிலந்தியையே பிடிப்பது.

இக்குளவிகள் தனித்து வாழ்வன. கூட்டைக் காக்கக் கூட்டமாகப் பாய்வதில்லை. கையால் பிடித்து நெருக்கினாலன்றிக் கொட்டுவது அரிது. மரத்திலும் புதரிலும் பெருங்கூடு கட்டிக் கூட்டமாக வாழும் கதண்டு வேறு. அதன் அருகே எவரும் செல்லலாகாது. அதை அகற்றத் தீயணைப்பு நிலையத்தாரையே அழைத்தல் வேண்டும்.

3. அறையைத் திறந்து பார்க்கும் முறை

வாய் அடைத்து மண் இன்னும் நன்றாக உலராத அறையே இதற்குத் தக்கது. பழைய அறையில் கூட்டுறையும் உதிர்ந்த கால்களுமே மிஞ்சியிருக்கும். ஒரு கூட்டில் ஓர் அறையைத் திறந்தால் போதும். பேனாக்கத்தியின் நுனியால் மண்ணைப் பக்கவாட்டில் பெயர்த்து, உள்ளிருப்பவற்றை வெள்ளைக் காகிதத்தின்மேல் கொட்டுக. சிலந்திகளின் பருமனுக்குத் தக்கவாறு ஓர் அறையில் ஐந்தாறும் இருக்கும், பத்துப் பதினைந்தும் இருக்கும். அவை காலை அசைத்தாலும் அஞ்ச வேண்டுவதில்லை. கடிக்கும் வலிமை அவற்றிற்கு இல்லை. ஒரு பூதக்கண்ணாடி கொண்டு கீழ்க்காணும் அடையாளங்களைப் பார்த்து வகைப்படுத்தலாம்.

வட்டவலைச் சிலந்தி: வயிறு பருத்து உருண்டிருக்கும், எட்டுக் கண்களும் சிறியவை, இரண்டு வரிசையாக அமைந்தவை. விடியற்காலையில் பனித்துளியுடன் நெற்பயிரிடையே தெரியும் சக்கர வலைகள் இவற்றினுடையவை.

நீள்தாடைச் சிலந்தி: உடல் குச்சி போல நீண்டது; தாடைகள் முன்னோக்கி நீண்டு துருத்தி நிற்கும். வயலில் நெல் இலையோடு இலையாகக் கால்களை நீட்டிப் படுத்திருக்கும்.

முட்கால் சிலந்தி: கால்களில் நீண்ட முட்கள் விறைத்து நிற்கும், வயிறு பின்புறம் கூர்ந்திருக்கும், கண்கள் அறுகோணமாக அமைந்திருக்கும். வலை பின்னாது, இலைமீது பாய்ந்து அந்துப்பூச்சிகளைப் பிடிக்கும்.

தாவும் சிலந்தி: முகத்தின் நடுவில் இரண்டு கண்கள் மிகப் பெரியனவாக, விளக்குப் போல் தோன்றும். வீட்டுச் சுவரில் ஈயைப் பிடிப்பதும் இவ்வகையே.

நண்டுச் சிலந்தி: முன்னிரண்டு சோடிக் கால்கள் நீண்டு, நண்டின் கால்கள் போல் பக்கவாட்டில் விரிந்திருக்கும். பூக்களில் பதுங்கியிருக்கும்.

இவ்வளவில் குடும்பத்தை அறியலாம். இனப்பெயரைத் துல்லியமாகக் கூறுவது முதிர்ந்த சிலந்தியில்தான் முடியும். ஏனெனில் அது இனவிருத்தி உறுப்பின் அமைப்பைக் கொண்டே தீர்மானிக்கப்படுவது. கூட்டில் இருப்பவையோ பெரும்பாலும் இளஞ்சிலந்திகள். பெயர் வேண்டுவோர், ஸ்பிரிட்டு நிறைந்த சிறு சீசாவில் சிலந்திகளை இட்டு, ஊர், தேதி, அருகிலுள்ள பயிர் ஆகியவற்றைப் பென்சிலால் காகிதத் துண்டில் எழுதி உள்ளேயே போட்டுவைத்து, அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தாரிடமோ, கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரிடமோ காட்டிக் கேட்கலாம். ஸ்பிரிட்டில் நிறம் மங்கிவிடுமாதலால், நிறத்தை முன்னதாகவே குறித்துக்கொள்க.

4. கூடு கூறாதவை

இக்கூட்டை வயலின் சிலந்திகளுக்கு ஓர் அடங்கல் எனலாம். ஆயினும் அது முழுமையான அடங்கல் அன்று. குளவி வேட்டையாடுவது இலைகளின்மேலும் வலைகளிலும் ஆகும். பயிரின் அடித்தூரிலும் நீர்மட்டத்திலும் ஓடித்திரியும் ஓநாய்ச் சிலந்தி அதன் கூட்டில் அகப்படுவது அரிது. நெல்லுக்குப் பேருதவி செய்வது இவ்வோநாய்ச் சிலந்தியே. முதுகில் கவைக்கோல் போன்ற வெளிர்நிறக் கோடும், தாய்ச்சிலந்தியாயின் பின்புறத்தில் ஒட்டிய முட்டைப் பையும் இதன் அடையாளங்கள். எனவே கூட்டைப் பார்த்தவர், அடுத்தபடியாகப் பயிரின் அடியைக் குனிந்து பார்த்தல் அவசியம்.

பயிருக்கு நன்மை செய்யும் சிலந்தியைப் பிடிப்பதால் குளவி நமக்குப் பகையோ என்று சிலர் கேட்பர். ஒரு குளவி தன் ஆயுளில் நிரப்பும் அறைகள் சிலவே. அது கொள்ளும் சிலந்திகளால் வயலில் குறை நேராது. குறை நேர்வது வேறிடத்தில்.

5. என் அனுபவம்

என் உத்தியோகத்தின் தொடக்க ஆண்டுகளில் நேர்ந்ததை மறையாது கூறுகிறேன். தென்காசிக்கு அடுத்த ஒரு குளத்துப் பாசனத்தில், பிசானப் பயிர் நட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. இலைசுருட்டுப்புழு ஆங்காங்கே தலைகாட்டியது. அது மருந்து தெளிக்கும் அளவில் இல்லை. எனினும் நிலக்காரர் கலங்கியதைக் கண்டு, செயற்கைப் பைரித்திராய்டு மருந்து ஒன்றைத் தெளிக்கச் சொன்னேன். புழு மறைந்தது. அவரும் மகிழ்ந்தார். கதிர் வெளிவரும் தருணத்தில், வயலின் நடுவே வட்ட வட்டமாகப் பயிர் தீய்ந்து போயிற்று. புகையான்!

"மருந்தடித்த என் வயல் புகைந்துபோச்சு. காசில்லாமல் அடிக்காமல் விட்டானே பக்கத்து வயல்காரன், அவன் பயிர் நிற்கிறது. இது என்ன கணக்கு ஐயா?" என்று அவர் கேட்டார். நான் விடை கூறாமல் நின்றேன். மறுநாள் விடியலில் இரு வயல்களையும் நடந்து பார்த்தோம். பக்கத்து வயலில் பனி கோத்த வலைகள். அவர் வயலில் வலை ஒன்றேனும் இல்லை. அவருடைய பம்ப் கொட்டகையில் முட்டை பொரியாமல் வீணான பழைய மண்குளவி அறை ஒன்று இருந்தது. அதைத் திறந்தபோது உலர்ந்த சிலந்திகள் உதிர்ந்தன. பக்கத்து வயலில் கண்ட அதே வகைகள். ஒரு கூட்டைக் கொண்டு முடிவு கட்டலாகாது என்பதை அறிவேன். எனினும் அந்த வயல் எதை இழந்தது என்பதை அச்சிறு மண் அறை எனக்குக் காட்டிற்று.

காரணம் இதுவே. புகையான் தன் முட்டைகளை நெல்லின் இலையுறைக்குள் செருகிவைக்கிறது. தெளித்த மருந்து அவற்றைச் சென்று தாக்குவதில்லை. வெளியில் திரியும் சிலந்திகளோ மடிகின்றன. ஒரு வாரத்தில் முட்டை பொரிந்து வரும் குஞ்சுகளை உண்பார் இல்லாமையால் அவை பல்கிப் பெருகுகின்றன. ஓநாய்ச் சிலந்தி ஒன்று நாளொன்றுக்கு 5 முதல் 15 பூச்சிகள் வரை உண்ணும் என்று பிலிப்பைன்ஸ் தேசத்திலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் 1987-இல் வெளியிட்ட நூல் கூறுகிறது. இந்தோனேசியாவில் புகையானால் பெருநஷ்டம் நேர்ந்தபோது, அவ்வரசாங்கம் 1986-இல் நெற்பயிருக்கு 57 மருந்துகளைத் தடை செய்தது. இயற்கையில் உள்ள பகைவர்களைக் காப்பதே அதன் நோக்கம்.

6. செய்ய வேண்டுவன

முதலாவதாக, எண்ணிப் பார்க்காமல் மருந்து தெளிக்கலாகாது. வயலில் பரவலாகப் பல குத்துகளைத் தட்டிப் பார்த்துப் புகையானையும் சிலந்தியையும் எண்ணுக. சிலந்தி இல்லாவிடில் தூருக்கு 1 புகையான் என்பது மருந்துக்குரிய எல்லை. குத்துக்கு 1 சிலந்தி இருக்குமாயின், அவ்வெல்லை தூருக்கு 2 ஆகும். ஒரு சிலந்தியின் பெறுமானம் இந்தக் கணக்கிலேயே விளங்கும்.

இரண்டாவதாக, புகையானை மீண்டும் பெருகச் செய்யும் செயற்கைப் பைரித்திராய்டு மருந்துகளை நெல்லுக்கு விலக்குக. தழைச்சத்து உரத்தை ஒரே தடவையில் மிகுதியாக இடாமல் பகுத்து இடுக. நடும்போது எட்டடிக்கு ஓரடி இடைவெளி விடுக. புகையான் தென்பட்டால் தண்ணீரை வடித்துச் சில நாட்கள் வயலைக் காயவிடுக.

மூன்றாவதாக, வயலோரக் கொட்டகைகளில் உள்ள மண்குளவிக் கூடுகளை வீணே இடிக்க வேண்டுவதில்லை. குழாய் வாயிலும் மின்விசைப் பெட்டியிலும் கட்டியவற்றை மாத்திரம், மின்சாரத்தை நிறுத்திவிட்டு அகற்றுக.

கிராம அலுவலர்கள் பயிர்ப் பார்வைக்குச் செல்லுங்கால், பூச்சி உண்டா என்று கேட்பதோடு சிலந்தி உண்டா என்றும் கேட்பாராயின், அதுவே ஒரு நல்ல போதனையாகும். வரும் காரில் முதல் தெளிப்புக்குக் கடைக்குப் போகுமுன், நிலக்காரர் ஒவ்வொருவரும் தம் கொட்டகையில் ஓர் அறையைத் திறந்து பார்த்து, பிறகு வயலுக்குள் இறங்கிக் குனிந்து எண்ணிப் பார்ப்பாராக.