ஒரே தங்கம், இரண்டு பதிவு

2024 டிசம்பர் 16 அன்று மத்திய வணிக அமைச்சகம் நவம்பர் மாதத்தின் சரக்கு வணிகக் கணக்கை வெளியிட்டது. அந்த ஒரு மாதத்தில் மட்டும் 1,480 கோடி டாலருக்குத் தங்கம் வந்து இறங்கியிருப்பதாகவும், நாட்டின் வணிகப் பற்றாக்குறை 3,784 கோடி டாலரைத் தொட்டுவிட்டதாகவும் கணக்கு சொன்னது. அதுவரை எந்த மாதமும் கண்டிராத பற்றாக்குறை அது. மறுநாள் ரூபாய் மேலும் சரிந்தது. ஒரு டாலரின் விலை 85 ரூபாயை நெருங்கியது.

காரணம் சொல்வது யாருக்கும் கடினமாக இல்லை. அந்த ஆண்டு ஜூலை பட்ஜெட்டில் தங்கத்தின் இறக்குமதி வரி 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைந்திருந்தது. அதன்பின் ஆவணி முகூர்த்தங்கள் வந்தன, தீபாவளி வந்தது. சென்னைத் தேனாம்பேட்டைக்கு மேற்கே, பனகல் பூங்காவையும் உஸ்மான் சாலையையும் ஒட்டிய நகைக்கடைகளில் அந்த மாதங்களில் கூட்டம் இல்லாத நாளைத் தேட வேண்டும். மக்கள் நகை வாங்கினார்கள், பற்றாக்குறை ஏறியது என்ற விளக்கம் எல்லோருக்கும் சட்டென்று பொருந்திப்போனது.

ஆனால் அந்தத் தங்கத்தில் மூன்றில் ஒரு பங்கு நாட்டுக்குள் வரவே இல்லை. 2025 ஜனவரியில் திருத்திய கணக்கில் நவம்பர் மாதத் தங்க இறக்குமதி 984 கோடி டாலராக இறங்கியது. ஏறக்குறைய 500 கோடி டாலர், ரூபாயில் 40,000 கோடிக்கும் மேல், காகிதத்தில் மட்டுமே இருந்திருக்கிறது. ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான மொத்தத் தங்கக் கணக்கிலும் 1,100 கோடி டாலருக்கு மேல் குறைக்க வேண்டியிருந்தது.

எப்படி நேர்ந்தது இது? வெளிநாட்டிலிருந்து வரும் சரக்கு நேராக ஊருக்குள் நுழைய வேண்டும் என்பதில்லை. வரி கட்டாமல் வைத்திருந்து, தேவைப்படும்போது எடுத்துக்கொள்வதற்கென்றே தடையற்ற வணிகக் கிடங்கு மண்டலங்கள் இருக்கின்றன. திருப்பெரும்புதூர் அருகே மண்ணூரில்கூட அப்படியொன்று உண்டு. சரக்கு மண்டலத்துக்குள் நுழையும்போது பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதிப் படிவம் ஒன்று போடப்படும். அதே சரக்கு வரி கட்டி வெளியே வரும்போது இன்னொன்று போடப்படும். இறக்குமதியாக எண்ண வேண்டியது இவற்றில் ஒன்றைத்தான். இந்தக் கிடங்கு மண்டலங்களையும் உள்ளடக்கிய சிறப்புப் பொருளாதார மண்டலங்களுக்கென்று தனியாக ஓடிக்கொண்டிருந்த கணினி முறையை 2024இல் சுங்கத்துறையின் ‘ஐஸ்கேட்’ முறைக்கு மாற்றினார்கள். அந்த மாற்றத்தின் நடுவே ஒரே தங்கம் உள்ளே நுழைந்தபோது ஒருமுறையும் வெளியே வந்தபோது ஒருமுறையும் எண்ணப்பட்டுவிட்டது.

நாட்டுக்கு இது முதல் அனுபவமும் அல்ல. 2011 டிசம்பரில் இதே அமைச்சகம், அந்த நிதியாண்டில் அதுவரை அறிவித்த ஏற்றுமதி சுமார் 900 கோடி டாலர் மிகையாக இருந்தது என்று தானே முன்வந்து சொன்னது. அப்போதும் காரணம் இரட்டைப் பதிவும் வகைமாற்றப் பிழையும்தான். பிழையை ஒளிக்காமல் சொன்னதற்காக இரண்டு முறையும் அதிகாரிகளைப் பாராட்டவே வேண்டும். ஆனால் இரண்டு முறையும் முதலில் பரவியது தவறான எண். திருத்தம் பின்னால்தான் வந்தது.

இந்தக் கணக்கு பிறக்கும் இடத்தைப் பார்த்தால் சிக்கல் புரியும். ராஜாஜி சாலையில் இருக்கும் கஸ்டம் ஹவுஸின் கீழ் சென்னைத் துறைமுகம், எண்ணூர், காட்டுப்பள்ளி வழியாகச் சரக்கு போய் வருகிறது. விமானச் சரக்குக்கு மீனம்பாக்கம். இறக்குமதிக்கு பில் ஆஃப் என்ட்ரி, ஏற்றுமதிக்கு ஷிப்பிங் பில். பெரும்பாலும் கஸ்டம்ஸ் புரோக்கர் அலுவலகத்தில் ஒருவர் கணினியில் உட்கார்ந்து அதை நிரப்புகிறார். சரக்கின் பெயர், எடை, விலை, எந்த நாடு, எட்டு இலக்கக் குறியீட்டு எண் என்று வரிசையாகக் கட்டங்கள். குறியீட்டின் முதல் ஆறு இலக்கங்கள் உலகத்துக்கே பொது. கடைசி இரண்டு இந்தியா சேர்த்துக்கொண்டவை. நாடெங்கும் இப்படி நிரம்பும் படிவங்கள் கொல்கத்தாவில் இருக்கும் வணிகப் புள்ளிவிவரத் தலைமை இயக்ககத்துக்குப் போய்ச் சேர்கின்றன. அங்கே சலித்து, கூட்டி, அடுத்த மாதம் 15ஆம் தேதியையொட்டி அமைச்சகம் வெளியிடுகிறது. இரண்டு வாரத்தில் ஒரு பெரிய நாட்டின் வாசல் கணக்கை எழுதி முடிப்பது சாதாரண வேலை அல்ல. முதலில் வருவது விரைவு மதிப்பீடுதான் என்பதைப் படிப்பவரும் நினைவில் வைக்க வேண்டும்.

அந்தக் கட்டங்களில் ஒன்றுதான் விலை. ஏற்றுமதிச் சரக்குக்குக் கப்பலில் ஏறும்வரை ஆகும் விலையை எழுதுகிறார்கள். வணிகர்கள் அதை எஃப்.ஓ.பி. என்பார்கள். இறக்குமதிக்குக் கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்த விலை, அது சி.ஐ.எஃப். கொரியாவின் பூசான் துறைமுகத்தில் ஒரு லட்சம் டாலருக்கு ஏறும் இயந்திரத்துக்குக் கூலியும் காப்பீடும் 6,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். கொரியா தன் புத்தகத்தில் ஒரு லட்சம் என்று எழுதும். சென்னை 1,06,000 என்று எழுதும். இரண்டும் சரிதான். ஆனால் கப்பல் வாடகை ஏறினாலே, ஒரு பொருள்கூட அதிகமாக வாங்காமல், நம் பற்றாக்குறை ஏறிவிடும். ரிசர்வ் வங்கியோ அயல்நாட்டுக் கொடுக்கல் வாங்கல் கணக்கைத் தன் முறையில் தனியே எழுதுகிறது. அதனால்தான் அமைச்சகத்தின் பற்றாக்குறையும் ரிசர்வ் வங்கியின் பற்றாக்குறையும் ஒன்றுக்கொன்று இடிக்கின்றன.

விலையைவிடப் பெரிய தொல்லை பெயரில் இருக்கிறது. உலகப் பொதுக் குறியீட்டு விதிப்படி, எடையில் 2 சதவீதம் பிளாட்டினம் கலந்த உலோகம் பிளாட்டினக் கலவை ஆகிவிடும். மீதி 98 சதவீதமும் தங்கமாகவே இருந்தாலும் பெயர் பிளாட்டினம்தான். ஐக்கிய அரபு அமீரகத்துடனான ஒப்பந்தம் 2022 மே மாதம் நடைமுறைக்கு வந்தபின், பிளாட்டினக் கலவைக்குக் கிடைத்த வரிச் சலுகையைப் பயன்படுத்திப் பெரும்பகுதி தங்கமான சரக்கு அந்தப் பெயரில் உள்ளே வந்தது. சட்டத்தை மீறாமலேயே தங்கத்தின் கணக்கு இளைத்தது, பிளாட்டினத்தின் கணக்கு கொழுத்தது. பின்னர் அரசு குறியீடுகளைப் பிரித்தும் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதித்தும் வழியை அடைத்தது. மீனம்பாக்கத்தில் உடலிலும் பெட்டியிலும் மறைத்துக் கொண்டுவரப்படும் கடத்தல் தங்கமோ எந்தக் கட்டத்திலும் ஏறுவதே இல்லை.

தங்கமாவது ஒரே பொருள். செல்பேசியில் கணக்கு இன்னும் சிக்கல். 2009ஆம் ஆண்டின் ஐபோனை முன்வைத்து யூச்சிங் ஷிங், நீல் டெட்டர்ட் என்ற இரு பொருளியலாளர்கள் 2010இல் ஓர் ஆய்வு செய்தார்கள். சீனாவிலிருந்து அமெரிக்காவுக்குக் கிளம்பும்போது ஒரு போனின் மதிப்பு 178.96 டாலர். அதில் சீனத் தொழிலாளர்கள் சேர்த்தது 6.50 டாலர். மற்றதெல்லாம் ஜப்பான், கொரியா, ஜெர்மனி, அமெரிக்கா ஆகிய நாடுகளிலிருந்து வந்த பாகங்களின் விலை. ஆனாலும் அந்த ஆண்டு சீனாவுடனான அமெரிக்கப் பற்றாக்குறையில் ஐபோனின் பெயரில் ஏறியது 190 கோடி டாலர்.

இன்று அந்தச் சிக்கல் நம் வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா புதிய வரிகளை அறிவித்த வேளையில், சென்னை விமான நிலையத்திலிருந்து தனி விமானங்களில் 600 டன் ஐபோன்கள், ஏறக்குறைய 15 லட்சம், அமெரிக்காவுக்குப் பறந்தன என்று ராய்ட்டர்ஸ் எழுதியது. 2024-25இல் தமிழ்நாட்டின் மின்னணுப் பொருள் ஏற்றுமதி 1,465 கோடி டாலர், நாட்டிலேயே முதலிடம். மாநிலத்தின் மொத்தச் சரக்கு ஏற்றுமதி 5,207 கோடி டாலர். இந்த எண்களில் திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆலைகளில் இரவுப் பணிக்குப் போகும் பெண்களின் உழைப்பு இருக்கிறது. அதை யாரும் குறைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் ஷிப்பிங் பில்லில் ஏறுவது போனின் முழு விலை. அதற்குள் இருக்கும் சிப்பும் திரையும் கேமராவும் சில வாரங்களுக்கு முன் இறக்குமதியாக இதே ஊர் வழியாக உள்ளே வந்தவையாக இருக்கலாம். ஏற்றுமதியை மட்டும் பார்த்துக் கைதட்டுவதும், இறக்குமதியை மட்டும் பார்த்துத் தலையில் கைவைப்பதும் ஒரே பிழையின் இரண்டு பக்கங்கள்.

பற்றாக்குறை என்றாலே கெடுதல், உபரி என்றாலே நலம் என்று நினைப்பவர்கள் இரண்டு காலங்களைப் பார்க்க வேண்டும். ஆங்கிலேயர் காலத்தில் இந்தியா பெரும்பாலான ஆண்டுகள் வாங்கியதைவிட அதிகமாகவே விற்றது. அந்த உபரி இந்தியர் கைக்கு வராமல் லண்டன் நிர்வாகச் செலவுக்கும் ஓய்வூதியத்துக்கும் வட்டிக்கும் போய்ச் சேர்ந்ததைத்தான் தாதாபாய் நௌரோஜி வாழ்நாள் முழுவதும் எண்களால் காட்டினார். இன்னொன்று நம் காலத்தது. 2020 ஜூனில் இந்தியாவுக்கு 79 கோடி டாலர் உபரி கிடைத்தது; பதினெட்டு ஆண்டுகளில் அப்படி ஒரு மாதம் வந்ததில்லை. கொரோனாவால் ஆலைகள் மூடிக் கிடந்தன, பெட்ரோல் போட ஆளில்லை, நகைக்கடைக்குப் போக வழியில்லை. வாங்குவது நின்றதால் வந்த உபரி அது. சுதந்திரத்துக்குப் பின் முழு ஆண்டுக் கணக்கில் உபரி வந்தது 1972-73, 1976-77 என்ற இரண்டே முறைதான்.

ஆனால் பற்றாக்குறையைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்பதும் ஆபத்து. 1991இல் அந்நியச் செலாவணி இரண்டு மூன்று வார இறக்குமதிக்குக்கூடப் போதாத நிலை வந்தபோது, ரிசர்வ் வங்கியின் 47 டன் தங்கம் அடகுக்காக வெளிநாடு போனது. வங்கியின் ஆளுநராக அப்போது இருந்தவர் எஸ். வெங்கிடரமணன், துணை ஆளுநர் சி. ரங்கராஜன். இரண்டு தமிழர்களின் கையில் அந்த நெருக்கடி இருந்தது. அன்று நாட்டின் தங்கம் வெளியே போன செய்தியைக் கேட்டு மனம் நொந்தவர்கள் இந்த நகரில் இன்னும் பலர் இருக்கிறார்கள்.

அன்றைக்கும் இன்றைக்கும் நடுவில் மாறியது எது? 2024-25இல் சரக்கு ஏற்றுமதி சுமார் 43,740 கோடி டாலர், இறக்குமதி சுமார் 72,020 கோடி டாலர். இடைவெளி 28,000 கோடி டாலருக்கு மேல். கச்சா எண்ணெயும் பெட்ரோலியப் பொருள்களும் மட்டும் 18,500 கோடி டாலர் அளவுக்கு இறக்குமதியாகின. ஆனால் பழைய மகாபலிபுரம் சாலையில் எழுதப்படும் மென்பொருள் எந்தக் கப்பலிலும் ஏறாது. அதற்குச் சுங்கத்துறைப் படிவம் இல்லை. ‘சாஃப்டெக்ஸ்’ என்ற தனிப் படிவம் வழியாகச் சேவைக் கணக்குக்குப் போகிறது. அந்த ஆண்டு சேவை வணிகத்தில் கிடைத்த உபரி 18,000 கோடி டாலரைத் தாண்டியது. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருப்பவர்கள் வீட்டுக்கு அனுப்பிய பணம் சுமார் 13,500 கோடி டாலர். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தபின் நடப்புக் கணக்கில் நின்ற பற்றாக்குறை சுமார் 2,330 கோடி டாலர், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.6 சதவீதம். 1990-91இல் இது 3 சதவீதம். சரக்குப் பற்றாக்குறை மட்டும் தலைப்பில் வரும்போது இந்த மீதிக் கணக்கு வாசகருக்குத் தெரியாமல் போகிறது.

2025 அக்டோபரில் பற்றாக்குறை 4,168 கோடி டாலராக மீண்டும் உச்சம் தொட்டது. அந்த மாதத் தங்க இறக்குமதி 1,472 கோடி டாலர். முந்தைய ஆண்டு பிழையாகச் சொல்லித் திருத்தப்பட்ட எண்ணை ஏறக்குறைய அந்த மாதம் நிஜமாகவே எட்டிவிட்டோம். தங்கத்தின் விலை உலகெங்கும் ஏறியிருந்ததும், தீபாவளி அந்த மாதத்தில் வந்ததும் காரணம். அடுத்த மாதமே பற்றாக்குறை 2,453 கோடி டாலராக இறங்கியது. ஒரு மாதத்து எண்ணை வைத்து நாட்டின் நலத்தை அளப்பது எவ்வளவு பிழையானது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு கடமை உண்டு. ஒரு சரக்கு எந்த மாநிலத்தில், எந்த மாவட்டத்தில் பிறந்தது என்பதை ஷிப்பிங் பில்லில் கட்டாயமாகக் குறிக்க வேண்டும் என்று 2020 பிப்ரவரியில் சுங்க வாரியம் விதித்தது. அதனால் பெங்களூருவில் தயாராகிச் சென்னைத் துறைமுகம் வழியாகப் போகும் பொருள் நம் கணக்கில் ஏறாது. ஓசூரில் தயாராகி வேறு மாநிலத் துறைமுகம் வழியாகப் போனாலும் நம் கணக்கில் ஏறும். இதை வைத்துத்தான் மாநிலங்களின் ஏற்றுமதித் தரவரிசையை எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் அந்த ஏற்றுமதிக்காக உள்ளே வந்த பாகங்கள் எவ்வளவு, இங்கே சேர்ந்த மதிப்பு எவ்வளவு என்ற பேச்சு அதில் பாதிகூடக் கேட்பதில்லை. தேனாம்பேட்டையில், அண்ணா சாலையை ஒட்டிய டி.எம்.எஸ். வளாகத்தில்தான் மாநிலப் பொருளியல், புள்ளியியல் துறை இயங்குகிறது. மாநிலத்தின் உற்பத்தி மதிப்பையும் பயிர்க் கணக்கையும் எழுதுகிற துறை அது. இந்தக் கணக்கை எடுக்க அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. ஆண்டுதோறும் ஏற்றுமதி எண்ணை அறிவிக்கும் அரசு, அதற்குப் பக்கத்திலேயே இறக்குமதிப் பாகங்களின் மதிப்பையும், இங்கேயே சேர்ந்த கூலியையும் லாபத்தையும் தொழில்வாரியாக அச்சிட வேண்டும். அதற்கு வேண்டிய ஆட்களையும் தரவையும் அந்தத் துறைக்குத் தர வேண்டும்.