என்கேடி செல்: காவலாளியா, கலகக்காரனா?

நம்ம உடம்போட நோய் எதிர்ப்பு மண்டலம் கிருமியை விட்டுட்டு நம்ம சொந்த செல்களையே அடிக்க ஆரம்பிச்சா என்ன ஆகும்? அதைத்தான் ஆட்டோஇம்யூன் நோய், அதாவது தன்னுடல் தாக்கு நோய்னு சொல்றாங்க. டைப் 1 சர்க்கரை நோயில் கணையத்தின் பீட்டா செல்கள் அழிகின்றன. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் நரம்பின் மேலுள்ள மயலின் உறை சேதமாகிறது. லூபஸில் தோல், மூட்டு, சிறுநீரகம்னு பல இடத்தில் அடி விழும். இதெல்லாம் வயசானவங்களுக்கு மட்டும் வர்ற நோய் இல்லை. நம்ம வயசுக்காரங்களுக்கும் வருது.

இந்தக் கதையில் நீங்க அதிகம் கேள்விப்படாத ஒரு கேரக்டர் இருக்கு: நேச்சுரல் கில்லர் டி செல். சுருக்கமா என்கேடி செல்.

இதுல என்ன ஸ்பெஷல்?

சாதாரண டி செல்கள் புரதத் துண்டுகளைப் பார்த்துத்தான் எதிரியை அடையாளம் கண்டுபிடிக்கும். என்கேடி செல் பார்ப்பது கொழுப்பை! சிடி1டி என்ற மூலக்கூறு ஒரு தட்டு மாதிரி கொழுப்பை ஏந்திக் காட்டும். என்கேடி செல் அதைப் படிக்கும்.

மனித ரத்தத்தில் உள்ள டி செல்களில் இவை பொதுவா 0.1 சதவீதம்கூட இருக்காது. ஆனா வேகம் அதிகம். மற்ற டி செல்கள் தயாராக நாள்கணக்கில் ஆகும்; இவை சில மணி நேரத்திலேயே சைட்டோகைன்களைக் கொட்டிவிடும். அதுவும் ரெண்டு வகை: அழற்சியைக் கிளப்பும் இன்டர்ஃபெரான் காமா ஒரு பக்கம், அதற்கு எதிர்த்திசையில் இழுக்கும் இன்டர்லூக்கின்-4 இன்னொரு பக்கம். ஆக்சிலரேட்டர், பிரேக் ரெண்டும் ஒரே காலில்!

கடற்பஞ்சு தந்த சாவி

இந்த செல்லைத் தூண்டும் பொருள் கிடைச்ச இடம் சுவாரசியமானது. ஜப்பானின் கிரின் பீர் நிறுவன ஆராய்ச்சியாளர்கள் புற்றுநோய் மருந்து தேடியபோது, ஒகினாவா கடலின் பஞ்சுயிரி ஒன்றிலிருந்து வந்தது ஆல்ஃபா கேலக்டோசில்செராமைடு. அது என்கேடி செல்லைத்தான் தூண்டுதுன்னு 1997இல் தெரிய வந்தது.

நல்லவனா, கெட்டவனா?

தானாகவே சர்க்கரை நோய் வரும் என்ஓடி எலிகளில் என்கேடி செல்கள் குறைவு. 2001இல் அந்த எலிகளுக்கு இந்தக் கொழுப்பைக் கொடுத்துப் பார்த்தாங்க. நோயிலிருந்து பாதுகாப்பு கிடைச்சது. அதே ஆண்டு, இதே மூலக்கூறின் ஒரு சங்கிலியைக் குட்டையாக்கி ஓசிஎச் என்ற பொருளை உருவாக்கினாங்க. இது இன்டர்லூக்கின்-4 பக்கம் சாய்ந்து, எலிகளில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் போன்ற நோயை அடக்கியது.

அப்போ ஹீரோதானேன்னு கேட்பீங்க. அவசரப்படாதீங்க. 2003இல் லூபஸ் வரும் எலிகளுக்கு அதே ஆல்ஃபா கேலக்டோசில்செராமைடைக் கொடுத்தபோது நோய் இன்னும் மோசமானது. ஒரே செல், ஒரே பொருள், எதிர் விளைவு. எந்த நோய், எந்தக் கட்டம், எந்த சைட்டோகைன் மேலோங்குது என்பதைப் பொறுத்தே முடிவு. போதாக்குறைக்கு, பலமா தூண்டிவிட்டா இந்த செல்கள் அசந்துபோய், அடுத்த டோஸுக்கு சரியா பதிலே சொல்லாது.

நமக்கு என்ன?

இன்னைக்கு லூபஸ் மாதிரி நோய்களுக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு, நோய் எதிர்ப்பு மண்டலத்தையே மொத்தமா அடக்குது. அதனால் தொற்று எளிதா வரும். வீட்டில் ஒரு ஃபேன் சத்தம் போடுதுன்னு மெயின் ஸ்விட்சை அணைக்கிற கதைதான். என்கேடி செல்லைச் சரியான பக்கம் திருப்பத் தெரிந்தால், அந்த ஒரு ஃபேனை மட்டும் கவனிக்கலாம்.

இன்னொரு நல்ல விஷயம்: உறுப்பு மாற்று சிகிச்சையில் பொருத்தம் பார்க்கும் எச்எல்ஏ ஆளுக்கு ஆள் மாறும். சிடி1டி கிட்டத்தட்ட எல்லாருக்கும் ஒன்றுதான். அதனால் ஒருவருக்குப் பொருந்தும் கொழுப்பு மருந்து மற்றவருக்கும் பொருந்த வாய்ப்பு அதிகம்.

மூலக்கூறின் ஒரு சங்கிலியைக் குட்டையாக்கினாலே செல்லின் போக்கு மாறுதுன்னா, இது மருத்துவர்களுக்கு மட்டுமான கணக்கு இல்லை, டிசைன் பிராப்ளம். கெமிக்கல், பயோடெக் நண்பர்களே, ப்ராஜெக்ட் டாபிக் தேடுறீங்களா? இங்கிருந்து ஆரம்பிக்கலாம்!