முடிந்த பாட்டும் முதல் வரைவும்

பீட்டில்ஸ் குழுவினர் 1968இல் வெளியிட்டது, 'வெள்ளை ஆல்பம்' என வழங்கும் 30 பாடல்களின் தொகுப்பு. மூல நாடாக்களிலிருந்து ஒலி புதுக்கப்பெற்று அது 2018இல் மீண்டும் வந்தது. 1968 மே மாதம் ஈஷர் என்னும் ஊரில், ஜார்ஜ் ஹாரிசனின் இல்லத்தில் பதிந்த 27 முன்வரைவுகளும் உடன் சேர்க்கப்பட்டன.

புதுக்கிய ஒலி பற்றி ரசிகர் இருவகையாகப் பேசினர். குரலும் கருவியும் தெளிந்தன என்றனர் ஒரு சாரார். பழகிய ஒலியே மூலம், அதனைத் தொடலாகாது என்றனர் மறு சாரார். முன்வரைவுகளையோ பெரும்பாலோர் மகிழ்ந்து வரவேற்றனர். அவற்றுட் பல, நெடுங்காலம் கள்ளப் பதிவுகளில் மங்கலாகக் கேட்டவை. தொகுப்பில் இடம்பெறாத ஜான் லெனனின் 'சைல்டு ஆஃப் நேச்சர்' அவற்றுள் ஒன்று. அதன் மெட்டே 1971இல் வேறு சொற்களேற்று 'ஜெலஸ் கை' ஆயிற்று. தள்ளிவைத்த வரைவும் பயன் தரும் என்பதற்கு இதுவே சான்று.