பெட்டியைத் தட்டிப் பார்த்து வாங்குங்கள்!

மண்பானை வாங்கப் போகும் பாட்டி, அதை விரலால் சுண்டிப் பார்க்காமல் காசை எடுப்பதில்லை. தேங்காயையும் நாம் தட்டிப் பார்த்தே வாங்குகிறோம். ஆனால் பிள்ளையின் படிப்புக்காகப் பல ஆயிரம் ரூபாய் கொடுத்துக் கம்ப்யூட்டர் வாங்கும்போது மட்டும், அதன் பெட்டியில் மின்னும் வர்ண விளக்குகளைக் கண்டு மயங்கிவிடுகிறோம்!

இந்தப் பெட்டியைப் பலர் 'சி.பி.யு.' என்றே சொல்கிறார்கள். அது தவறு. சி.பி.யு. என்பது உள்ளங்கையில் அடங்கும் ஒரு சில்லு. அதையும் மற்ற உறுப்புகளையும் தாங்கி நிற்கும் கூட்டுக்குக் கேபினெட் என்று பெயர். உள்ளே இருப்பவை மூன்று நான்கு ஆண்டுகளில் பழசாகிவிடும். கேபினெட் நல்லதாக அமைந்தால் பத்து ஆண்டுகளும் உழைக்கும்.

தகடு சொல்லும் சேதி

ராமாநுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூர், சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கிறது. இன்று அந்த வட்டாரம் முழுவதும் யந்திரங்களின் ஓசைதான். இருங்காட்டுக்கோட்டையில் 1998-லும், ஒரகடத்தில் 2010-லும் கார்கள் உருவாகத் தொடங்கின. 2007-ல் டெல் கம்பெனி ஸ்ரீபெரும்புதூரில் மேஜைக் கம்ப்யூட்டர் தயாரிப்பில் இறங்கியது. 2020-ல் ஹெச்.பி. கம்பெனியும் பிளெக்ஸ் தொழிற்சாலையின் மூலம் அங்கே வந்து சேர்ந்தது.

காரின் கதவும் கம்ப்யூட்டரின் பெட்டியும் ஒருவகையில் அண்ணன் தம்பிகளே. இரண்டும் இரும்புத் தகடுதான். வெட்டி, அச்சில் வைத்து அழுத்தி, மடித்து, வர்ணம் பூசினால் உருவம் வந்துவிடுகிறது. ஆகவே தகட்டு வேலை தெரிந்தவர் எதைக் கவனிப்பாரோ, அதையே நாமும் முதலில் கவனிக்க வேண்டும்.

பக்கக் கதவின் நடுவே கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அரை மில்லிமீட்டர் தகடு உள்ளே போய் வரும். 0.8 மில்லிமீட்டர் தகடு அவ்வளவு எளிதில் வளைந்து கொடுக்காது. மெல்லிய தகடு விசிறி சுழலும்போதெல்லாம் கடகடவென்று அதிரும். பிறகு கதவைத் திறந்து, உள் ஓரங்களைப் பாருங்கள். வெட்டிய இடத்தில் பிசிறு நிற்கக் கூடாது. விளிம்பை மடித்து உருட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால், பின்னொரு நாள் தூசி தட்டக் கையை விடுகிறவரின் விரல் கிழிபடும். மேஜைமேல் நிறுத்தினால் நான்கு கால்களும் சமமாகப் படிகின்றனவா என்றும் ஆட்டிப் பாருங்கள்.

மூச்சு விட வழி உண்டா?

கம்ப்யூட்டர் தின்னும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் உஷ்ணமாகவே வெளிவருகிறது. 300 வாட் செலவாகிறது என்றால், அந்தக் காலத்து 100 வாட் குண்டு பல்புகள் மூன்றை ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டியதற்குச் சமம்! அக்கினி நட்சத்திரத்தில் இந்தப் பக்கம் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தொடுகிறது. அறைக் காற்றைவிடக் குளிர்ந்த காற்றை எந்த விசிறியும் கொண்டு வர முடியாது. சில்லின் உஷ்ணம் சுமார் 100 டிகிரியை நெருங்கினால், அது தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 'புதுக் கம்ப்யூட்டர் இப்படி மந்தமாக இருக்கிறதே!' என்று வாங்கியவர் புலம்புவார். குற்றம் சில்லின்மேல் இல்லை. மூச்சு முட்டும் பெட்டியின்மேல்.

காற்று முன்பக்கம் நுழைந்து, பின்பக்கமும் மேற்பக்கமும் வெளியேற வேண்டும். முன்முகம் முழுவதும் கண்ணாடி என்றால் பார்வைக்கு அழகு, காற்றுக்கோ சுவர். சல்லடைத் தகடு பதித்த முகமே நம் ஊருக்கு ஏற்றது. 120 மில்லிமீட்டர் விசிறி, சிறிய விசிறியைவிட மெதுவாகச் சுழன்றே அதே அளவு காற்றைத் தள்ளும், சத்தமும் குறைவு.

தூசியையும் மறக்கக் கூடாது. முன்பக்க வடிகட்டி, திருகாணியைத் தொடாமலே கழற்றிக் கழுவும்படி இருக்க வேண்டும். வெளியே தள்ளும் காற்றைவிட உள்ளே இழுக்கும் காற்று சற்று அதிகமாக இருந்தால், இடுக்குகளின் வழியே தூசி நுழையாது. பின்பக்கம் மூடியில்லாத ஓட்டைகள் இருந்தால், கரப்பானும் பல்லியும் வாடகையில்லாமல் குடியேறிவிடும்!

அளவு பொதுவாக இருக்கட்டும்

1995-ல் இன்டெல் கம்பெனி 'ஏ.டி.எக்ஸ்.' என்ற அளவை வகுத்தது. 305-க்கு 244 மில்லிமீட்டர் பலகை. திருகாணித் துளைகளும் குறித்த இடங்களில். இந்த அளவுக்கு ஏற்ற பெட்டியில் எந்தக் கம்பெனியின் ஏ.டி.எக்ஸ். பலகையும் பொருந்தும். அளவு மாறிய சில சிறிய பெட்டிகளில், ஓர் உறுப்பு கெட்டால் அதைச் செய்த கம்பெனியின் வாசலிலேயே போய் நிற்க நேரும். வாங்குமுன் கடைக்காரரிடம் இதைக் கேட்டு விடுவது நல்லது.

உயிருக்கு உத்தரவாதம்

பெட்டியைத் தொட்டால் கை 'சுருக்'கென்கிறது என்று பலர் சொல்லக் கேட்கிறோம். மின்சாரத்தைப் பக்குவப்படுத்தித் தரும் எஸ்.எம்.பி.எஸ். கருவிக்குள் இருக்கும் சிறு கப்பாசிட்டர்கள் வழியாக, மிகச் சிறிய அளவு மின்சாரம் பெட்டிக்குக் கசிகிறது. அது எர்த் கம்பி வழியே பூமிக்குப் போக வேண்டியது. எர்த் இல்லாவிட்டால் தொடுகிறவரின் உடம்பையே வழியாகக் கொள்கிறது. இந்தக் கசிவு சாதாரணமாகச் சுருக்கென்பதோடு நிற்கும். ஆனால் உள்ளே ஒரு கம்பியின் உறை கிழிந்து தகட்டில் பட்டுவிட்டால், அது உயிருக்கே ஆபத்து.

எஸ்.எம்.பி.எஸ். திருகப்படும் இடத்தில் வர்ணம் இல்லாமல் வெறும் தகடு தெரிவது நல்லது. வர்ணம் மின்சாரத்தைத் தடுக்கும். அதைவிட முக்கியம், வீட்டு மூன்று முள் பிளக்கில் எர்த் வேலை செய்வது. எவ்வளவு உயர்ந்த பெட்டியானாலும் எர்த் இல்லாத வீட்டில் காப்பாற்றாது. கம்ப்யூட்டர் வீட்டுக்கு வருமுன் எலெக்ட்ரீஷியன் ஒருமுறை வந்து போகட்டும்.

தகடு, காற்று, அளவு, எர்த் ஆகிய நான்கையும் பார்த்து முடித்த பிறகு, பணம் மீந்தால் வர்ண விளக்கும் வாங்கிக் கொள்ளலாம். பிள்ளைகளுக்கும் சந்தோஷமாக இருக்கும்!