வகுப்புக்கு வாட்ஸ்அப் போதுமா?

திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் பல வீடுகளில் ஸ்மார்ட்போன் ஒன்றுதான். அப்பாவோடு ஹார்பருக்கோ கம்பெனி ஷிஃப்டுக்கோ போய்விட்டு, பிள்ளை கைக்கு அது வர இரவாகிவிடும். காசிமேட்டு விசைப்படகில் ஏறிவிட்டால் கரை திரும்பும்வரை சிக்னலும் இருக்காது. 2020-ல் பள்ளிகள் மூடியபோது நேரலை வகுப்புகள் தடுமாறியது இங்கேதான். காலை பத்து மணிக்குப் போன் வீட்டில் இருந்தால்தானே வகுப்பு!

வாட்ஸ்அப் குழுவுக்கு அந்த அவசரம் இல்லை. டீச்சர் அனுப்பும் செய்தி அவர் போனிலேயே பூட்டப்பட்டு சர்வருக்குப் போகிறது. பெறுபவரின் போன் அணைந்திருந்தால் 30 நாள் வரை அங்கே கிடக்கும். பூட்டின் சாவி பெறுபவர்களின் போனில் மட்டுமே இருப்பதால் நிறுவனமும் படிக்க முடியாது. 2016 முதல் இப்படித்தான். அனுப்பியதை அழுத்திப் பிடித்துத் தகவலைத் திறந்தால் யாருக்குச் சேர்ந்தது, யார் பார்த்தார்கள் என்று பெயரோடு தெரியும். தனி அரட்டையில் நீல டிக்கை அணைத்து வைக்கலாம், குழுவில் முடியாது. ஆனால் பார்த்த பிள்ளைக்குப் பாடம் புரிந்ததா என்பதை எந்த டிக்கும் சொல்லாது.

நோட்டைப் படமெடுத்து அனுப்பினால் செயலி அதைச் சுருக்கிவிடும்; பென்சிலில் போட்ட பின்னக் கணக்கில் கோடே கரைந்துபோகும். ‘டாக்குமென்ட்’டாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். பாடத்தை விளக்க வீடியோவைவிடக் குரல் பதிவு நல்லது. டேட்டா மிகக் குறைவு, எழுத்து தெரியாத ஆயாவும் கேட்டுப் பேரனை உட்கார வைக்கலாம்.

என் கணக்கில் பெரிய குறை வேறு. சாதாரணக் குழுவில் எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியும். ஒன்பதாம் வகுப்புப் பெண்ணின் எண் முன்பின் தெரியாத எத்தனை பேர் கைக்குப் போகிறது என்று பள்ளிகள் யோசிப்பதே இல்லை. பூட்டும் சாவியும் இதற்கு உதவாது. 2022-ல் வந்த ‘கம்யூனிட்டி’யின் அறிவிப்புக் குழுவில் அட்மினுக்கும், ஏற்கெனவே எண்ணைச் சேமித்தவர்களுக்கும்தான் அது தெரியும். குறைந்தபட்ச வயது 13 என்பதால் சின்ன வகுப்புக் குழுக்களில் பெற்றோர்தான் இருக்க வேண்டும்.

வீட்டுப்பாடம் வாங்கித் திருத்தி மதிப்பெண்ணோடு திருப்பித் தர, 2014-ல் வந்த கூகுள் கிளாஸ்ரூம் எவ்வளவோ ஒழுங்கு. வாட்ஸ்அப்பில் அதெல்லாம் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு அடியில் புதைந்துவிடும். ஆனால் கிளாஸ்ரூமில் அண்ணனுக்கும் தங்கைக்கும் தனித்தனிக் கணக்கு வேண்டும். ஒரே போனில் மாறி மாறி நுழைய வேண்டும்.

இந்தப் பகுதிக்கே உரிய கவலை ஒன்றும் உண்டு. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மக்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். அப்படிப்பட்ட இரவில் வீட்டுப்பாடக் குழுவில் வதந்தியும் வந்து கொட்டும். இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது. அத்தகைய செய்தியை 2020 முதல் ஒரு தடவைக்கு ஒரே அரட்டைக்குத்தான் அனுப்ப முடியும். அட்மின் மட்டும் எழுதும் வசதி 2018-லேயே வந்துவிட்டது. பள்ளி அறிவிப்புக்கு அப்படியொரு குழு, சந்தேகம் கேட்க இன்னொன்று என்று முதல் நாளே பிரித்துவிடுவது நல்லது.