பூட்ஸுக்குள் ஒரு கணக்குப்பிள்ளை!

மனக்கணக்குக்குத் தண்டனை இல்லை. எந்திரக் கணக்குக்கு ஜெயில்!

ஆர்.எஸ்.புரத்துக் குடும்பங்களுக்குச் சிங்கப்பூர் பயணம் இன்று எட்டாத கனவு அல்ல. பீளமேட்டில் விமானம் ஏறினால், நேரே சிங்கப்பூரில் இறங்கலாம். அங்கே 2010-ம் ஆண்டு முதல் "கசினோ" என்னும் சூதாட்ட விடுதிகள் இரண்டு நடக்கின்றன. தமிழ்நாட்டில் இல்லாத இடம். எட்டிப்பார்க்க ஆசை வரும். சட்டைப் பையில் செல்போனும் இருக்கும். ஆபத்து அங்கேதான்!

எதற்காக எண்ணுகிறார்கள்?

"பிளாக்ஜாக்" ஒரு சீட்டாட்டம். 21 புள்ளியைத் தாண்டாமல், அதை நெருங்க வேண்டும். பெரிய சீட்டுகள் கட்டில் மிச்சம் இருந்தால், ஆடுகிறவருக்கு அனுகூலம். சின்னச் சீட்டுகள் மிஞ்சினால், விடுதிக்கு லாபம். ஆகவே, இறங்கிய சீட்டுகளை எண்ணி வந்தால், எப்போது பணத்தைக் கூட்டிக் கட்டலாம் என்று தெரியும். இந்த வித்தையை 1962-ல் புத்தகமாக வெளியிட்டவர், எட்வர்டு தார்ப் என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர்.

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், மனதுக்குள் எண்ணுவது குற்றம் அல்ல. விடுதிக்காரர் வெளியேற்றலாம், அவ்வளவுதான். ஆனால் எந்திரம் வைத்து எண்ணுவதை 1985-ல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். பயன்படுத்தும் எண்ணத்தோடு கையில் வைத்திருந்தாலே குற்றம்!

கால் விரல் கணக்கு

அந்தச் சட்டத்தில் ஒருவர் சிக்கினார். அவருடைய கெண்டைக்காலில் சிறிய கம்ப்யூட்டர் கட்டியிருந்தது. பூட்ஸுக்குள் சுவிட்சுகள்! விழும் சீட்டுகளைக் கால் விரலால் அழுத்திச் சொல்வார். உடம்போடு ஒட்டிய கருவி மெல்லத் தட்டி விடை சொல்லும். வழக்கு நெவாடா சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. சட்டம் செல்லும் என்று 1987-ல் தீர்ப்பு வந்தது.

சிங்கப்பூரிலும் கருவி கொண்டு சீட்டுகளை எண்ணுவது குற்றமே. அன்று காலில் கட்டிய எந்திரத்தைவிட, இன்று நம் கையில் உள்ள செல்போன் பன்மடங்கு கெட்டிக்காரன். "சும்மா விளையாட்டுக்குத்தான்" என்று மேஜையடியில் அதைத் தட்டினால், போலீசார் சிரிக்க மாட்டார்கள்.

நன்றாக எண்ணத் தெரிந்தவருக்கே கிடைக்கும் அனுகூலம், 100 ரூபாய்க்கு ஏறக்குறைய 1 ரூபாய்தான். அதற்காக அயல்நாட்டில் கோர்ட்டு, வக்கீல், ஜெயில்! சூதில் தோற்றால் பணத்தோடு போகும். கருவியோடு பிடிபட்டால், வீடு திரும்பும் நாளை நீதிபதி அல்லவா குறிப்பார்?