'கோப்பு இல்லை' என்று சாதிக்கும் கணினி: விண்டோஸுக்குள் லினக்ஸ் முரண்டு பிடித்தால் என்ன செய்வது?

ஜொகூர் பாரு – ஸ்கூடாயிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமோ, பாரிட் ராஜாவிலுள்ள துன் ஹுசேன் ஓன் மலேசியப் பல்கலைக்கழகமோ, கணினித் துறையில் கால் வைக்கும் பிள்ளைகளுக்கு லினக்ஸைத் தவிர்க்க வழியில்லை. கூலாய், செடெனாக் பக்கம் வரிசையாக எழும்பும் தரவு மையங்களில் வேலை தேடுபவர்களுக்கும் அதே கதைதான். உலகெங்கும் இத்தகைய மையங்களின் கணினிகளில் பெரும்பகுதி லினக்ஸில் ஓடுகின்றன. ஆனால் வீட்டில் இருப்பதோ விண்டோஸ் மடிக்கணினி. அதுவும் பல வீடுகளில் அண்ணன் பயன்படுத்திவிட்டுக் கொடுத்தது, அல்லது கடையில் இரண்டாம் கையாக வாங்கியது.

அந்த விண்டோஸை அழிக்காமலேயே அதற்குள் லினக்ஸை ஓட்ட வழியுண்டு. சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. திரையில் புரியாத பிழைச் செய்தி வரும். இடுபணியை ஒப்படைக்க இரண்டு நாள்தான் இருக்கும். "லேப்டாப் கெட்டுப்போச்சு" என்று அப்பாவிடம் சொன்னால், அவர் கணினிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார். கடைக்காரர் ஃபார்மட் செய்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொள்வார். ஆவணங்களையும் படங்களையும் மட்டும் முன்கூட்டியே பத்திரமாக எடுத்து வைத்திருப்பார். லினக்ஸுக்குள் இருந்த இடுபணி போயே போய்விடும்.

ஏன் போகிறது? விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸின் மொத்தக் கோப்புகளும் ஒரே ஒரு பெரிய கோப்புக்குள் அடைபட்டிருக்கும். பயனர் அடைவுக்குள் 'ஆப்டேட்டா' என்ற மறைந்த இடத்தில் 'இஎக்ஸ்டி4' என்ற பெயரில் அது கிடக்கும். டெஸ்க்டாப்பில் தெரியாது, ஆவணங்கள் பகுதியிலும் தெரியாது. தெரியாததைக் கடைக்காரர் எடுத்து வைக்கவில்லை என்று அவரைக் குறை சொல்ல முடியாது.

பெரும்பாலான கோளாறுகளுக்குக் கடையே தேவையில்லை என்பதுதான் வேடிக்கை.

முதலில் இருவகை ஏற்பாடுகளைப் பிரித்துத் தெரிந்துகொள்வது நல்லது. பழையது சிக்வின். 1995-இல் சிக்னஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தில் ஸ்டீவ் சேம்பர்லின் தொடங்கியது. யுனிக்ஸ் நிரல்களுக்கும் விண்டோஸுக்கும் நடுவில் அது மொழிபெயர்ப்பாளர்போல் நிற்கும். அங்கே லினக்ஸ் என்று எதுவும் உண்மையில் ஓடுவதில்லை. புதியது மைக்ரோசாஃப்ட் 2016-இல் அறிவித்த 'விண்டோஸ் சப்சிஸ்டம் ஃபார் லினக்ஸ்', சுருக்கமாக டபிள்யூஎஸ்எல். 2020-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த அதன் இரண்டாம் பதிப்பில் அசல் லினக்ஸ் கருநிரலே ஓடுகிறது. ஒரே கூரையின்கீழ் பின்னறையில் தனிக் குடித்தனம் என்று வைத்துக்கொள்ளலாம். இன்று புதிதாகத் தொடங்குபவருக்கு இரண்டாவதுதான் ஏற்றது.

நிறுவியவுடன் 80370102 என்று முடியும் பிழை எண் வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. 'மெய்நிகராக்கம்' எனப்படும் வசதி கணினியில் அணைந்து கிடக்கிறது, அல்லது விண்டோஸில் அதற்கான அம்சம் இயக்கப்படவில்லை என்று பொருள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, செயல்திறன் பகுதியில் 'சிபியு'வைப் பார்த்தால், 'விர்ச்சுவலைசேஷன்' இயங்குகிறதா இல்லையா என்று அங்கேயே எழுதியிருக்கும். இல்லையென்றால் கணினியைத் திறக்கும்போதே எஃப்2, எஃப்10 அல்லது டிலீட் விசையை அழுத்தி, பயாஸுக்குள் போய் இயக்க வேண்டும். எந்த விசை என்பது மாடலுக்கு மாடல் மாறும். இன்டெல் கணினியில் அதன் பெயரிலேயே 'விர்ச்சுவலைசேஷன்' என்ற சொல் இருக்கும். ஏஎம்டியில் 'எஸ்விஎம்' என்றிருக்கும்.

அடுத்து, கடவுச்சொல். லினக்ஸ் கடவுச்சொல் கேட்கும்போது, தட்டத் தட்டத் திரையில் நட்சத்திரக் குறிகூட விழாது. விசைப்பலகை கெட்டுவிட்டது என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் உண்டு. கெடவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் தட்டி 'என்டர்' கொடுத்தால் போதும். கடவுச்சொல்லை மறந்தே போனாலும் மறுபடி நிறுவத் தேவையில்லை. விண்டோஸ் பக்கத்திலிருந்து 'ரூட்' பயனராக உள்ளே நுழைந்து 'பாஸ்வேர்ட்' கட்டளையால் புதியதை வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் பிள்ளைகளை உண்மையில் அழவைப்பது வேறொன்று. விண்டோஸ் நோட்பேடில் அழகாக ஒரு சிறு நிரல் எழுதியிருப்பார்கள். லினக்ஸில் ஓட்டினால் 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்று பதில் வரும். பட்டியலிட்டுப் பார்த்தால் கோப்பு கண்ணெதிரே இருக்கும். மறுபடி ஓட்டினால் மறுபடியும் 'இல்லை'.

இதற்குக் காரணம் தட்டச்சுப்பொறி. தோட்ட அலுவலகத்தில் கிராணி தட்டச்சு செய்வதைப் பார்த்த பெரியவர்களுக்கு இது எளிதில் புரியும். ஒரு வரி முடிந்ததும் இரண்டு வேலை நடக்க வேண்டும்: உருளை பழையபடி தொடக்கத்துக்குத் திரும்ப வேண்டும், தாள் ஒரு வரி மேலே ஏற வேண்டும். கணினியில் இவ்விரண்டுக்கும் தனித்தனிக் குறி உண்டு. முதலாவதின் எண் 13, இரண்டாவதின் எண் 10. விண்டோஸ் ஒவ்வொரு வரி முடிவிலும் இரண்டையும் எழுதும். யுனிக்ஸ் வழிவந்த லினக்ஸுக்கு இரண்டாவது மட்டும் போதும். எனவே நிரலின் முதல் வரியில் 'பேஷ்' என்ற இயக்கியின் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் 13-ஆம் குறியையும் அது பெயரின் ஒரு பகுதியாகவே படிக்கிறது. அப்படி ஒரு பெயரில் இயக்கி எதுவும் கிடையாது. 'இல்லை' என்று சொன்னது மாணவரின் கோப்பையல்ல, அந்த இயக்கியை! பிழைச் செய்தியை உற்றுப் பார்த்தால் மேல்நோக்கிய கூர்க்குறியோடு 'எம்' என்ற ஆங்கில எழுத்து தெரியும். ஆங்கில வரிசையில் 13-ஆவது எழுத்து அதுதான்.

'டோஸ்2யுனிக்ஸ்' என்ற சிறு கருவி இதை நொடியில் சரிசெய்யும். விஷுவல் ஸ்டூடியோ கோட் பயன்படுத்துபவர்கள் வலது கீழ் மூலையில் 'சிஆர்எல்எஃப்' என்றிருப்பதைத் தட்டி 'எல்எஃப்' என்று மாற்றிச் சேமித்தால் போதும். விண்டோஸுக்கான கிட் மென்பொருளை அதன் இயல்பு அமைப்பிலேயே நிறுவியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இறக்கும் கோப்புகளுக்கெல்லாம் அது தானாகவே விண்டோஸ் வரிமுடிவைச் சேர்த்துவிடும்.

பெரிய எழுத்து, சிறிய எழுத்துப் பேதமும் இதே ரகம். தமிழில் அந்தத் தொல்லையே கிடையாது என்பதால் கண்ணில் படாமல் நழுவிவிடும். பெரிய எழுத்தில் தொடங்கும் 'லாத்திஹான்' கோப்பும் சிறிய எழுத்தில் தொடங்குவதும் விண்டோஸுக்கு ஒன்று; லினக்ஸுக்கு இரண்டு. வீட்டில் ஓடிய நிரல் விரிவுரையாளரின் கணினியில் ஓடாததற்கு இதுவும் ஒரு காரணம்.

கணினி ஆமைபோல் ஊர்ந்தால் இரண்டு இடத்தைப் பார்க்க வேண்டும். ஒன்று, கோப்புகள் எங்கே உள்ளன என்பது. 'சி' டிரைவில் இருக்கும் கோப்பை லினக்ஸ் வழியாகத் திறக்கும்போது, ஒவ்வொரு முறையும் பின்னறையிலிருந்து முன்னறைக்கு ஆளனுப்பி வாங்க வேண்டியிருக்கிறது. லினக்ஸின் சொந்த அடைவில் வைத்தால் வேகம் நன்றாகவே கூடும். இரண்டாவது, நினைவகம். இயல்பாக, கணினியின் நினைவகத்தில் பாதிவரை லினக்ஸ் எடுத்துக்கொள்ளலாம். 8 ஜிபி மடிக்கணினியில் உலாவியும் திறந்திருந்தால் மூச்சுத் திணறும். 'டபிள்யூஎஸ்எல்கான்ஃபிக்' என்ற அமைப்புக் கோப்பில் உச்சவரம்பு வைக்கலாம். அதை நோட்பேடில் சேமிக்கும்போது பெயரின் வாலில் 'டிஎக்ஸ்டி' ஒட்டிக்கொண்டால் அமைப்பு வேலை செய்யாது. மாற்றிய பிறகு லினக்ஸை முழுதாக 'ஷட்டவுன்' செய்து மீண்டும் திறக்க வேண்டும்.

சிக்வின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: 'ஃபோர்க்' என்ற சொல்லோடு பிழை வந்தால், எல்லாச் சிக்வின் சன்னல்களையும் மூடிவிட்டு அதன் நிறுவியை மறுபடி ஓட்டுவது பெரும்பாலும் போதும். அதற்கும் அடங்காவிட்டால் வைரஸ் தடுப்பு மென்பொருளைச் சந்தேகிக்கலாம்.

இனி, ஒருபோதும் அவசரத்தில் தட்டக்கூடாத கட்டளை ஒன்று உண்டு. 'அன்ரெஜிஸ்டர்'. பழுது பார்க்கிறோம் என்று இணையத்தில் தேடுபவர்களின் கண்ணில் இது அடிக்கடி படும். பெயரைப் பார்த்தால் ஏதோ பதிவை நீக்குவதுபோல் சாதுவாகத் தெரியும். உண்மையில் லினக்ஸையும் அதற்குள் இருக்கும் அத்தனை கோப்புகளையும் அழித்துவிடும். 'உறுதியா?' என்றுகூடக் கேட்காது, குப்பைத்தொட்டியிலும் போடாது.

அதற்குமுன், அல்லது மடிக்கணினியைக் கடைக்குக் கொடுப்பதற்குமுன், செய்ய வேண்டியது 'எக்ஸ்போர்ட்'. லினக்ஸ் முழுவதையும் ஒரே கோப்பாகக் கட்டி வெளியே எடுக்கும் கட்டளை இது. லினக்ஸே திறக்காமல் கிடக்கும் நிலையில், மேலே சொன்ன மறைந்த கோப்பை அப்படியே நகலெடுத்து வைத்தாலும் மீட்க வாய்ப்புண்டு. பென்டிரைவில் போடும்போது, அது பழைய 'ஃபேட்32' முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. 'எக்ஸ்ஃபேட்' முறைக்கு மாற்றியிருக்க வேண்டும். அப்படி மாற்றும்போது அதில் ஏற்கெனவே இருப்பவை அழியும் என்பதால், முதலில் அவற்றை வேறிடத்துக்கு நகர்த்திக்கொள்ள வேண்டும். கடையிலிருந்து வந்ததும் 'இம்போர்ட்' செய்தால் இடுபணி விட்ட இடத்திலேயே இருக்கும். உள்ளே நுழையும்போது பழைய பயனர் பெயருக்குப் பதிலாக 'ரூட்' என்று காட்டினால் அதிர்ச்சியடைய வேண்டாம். கோப்புகள் 'ஹோம்' அடைவுக்குள் பழைய பெயரிலேயே காத்திருக்கும்.